கார்ல ரோட்டு பெயின்ட் ஒட்டிக்கிச்சா? சுரண்டாதீங்க, ஊற வைங்க

ராத்திரி கோடு போட்ட ரோட்டுல டயர் ஏறிட்டா காலையில வீலுக்கு பின்னாடி, கதவுக்கு கீழ, பம்பர் ஓரம்னு பொட்டு பொட்டா மஞ்சளோ வெள்ளையோ காஞ்சு கிடக்கும். உடனே நகத்தால சுரண்டத்தான் கை போகும், வேணாம். ஹெட்லைட் பட்டா மின்னணும்னு அந்த கோட்டுல பொடி கண்ணாடி மணி இருக்கும், அத வச்சு தேய்ச்சீங்கன்னா சாண்ட்பேப்பர் போட்ட மாதிரிதான். சிங்கப்பூர்ல கார் வச்சுக்க வாங்குற சிஓஇ உரிமம் விக்கிற விலைக்கு பத்து வருஷம் ஓட்டப்போற காரு, பார்த்து பண்ணுங்க.

தின்னர், அசிட்டோன் ரெண்டையும் தொடாதீங்க. ரோட்டு பெயின்ட் போகுதோ இல்லையோ, காரோட பெயின்ட் மங்கிடும், பிளாஸ்டிக் வெளுத்துடும்.

முதல்ல நிழல். வெயில்ல நின்ன கார்ல எத அடிச்சாலும் உடனே காஞ்சிடும், அதனால மல்டிஸ்டோரி கார்பார்க்குல நிறுத்தி பாடி கைக்கு சூடில்லாம ஆனப்புறம் ஆரம்பிங்க. வாஷிங் பேல சோப்பு தண்ணி போட்டு மண்ணு போக கழுவிடுங்க. ஒட்டி கொஞ்ச நேரந்தான் ஆச்சுன்னா ஜெட் வாஷ்லயே பாதி போயிடும்.

காஞ்சதுக்கு டபிள்யூடி-40 இல்லைன்னா தார் ரிமூவர், ரெண்டும் கார் சாமான் கடையில கிடைக்கும். முதல்ல கண்ணுல படாத மூலையில கொஞ்சம் அடிச்சு பார்த்துக்கங்க. பிரேக் டிஸ்க் பக்கம் மட்டும் நேரா அடிக்காதீங்க, எண்ணெய் பட்டா பிரேக் பிடிக்காது, ரொம்ப ஆபத்து, அந்தப் பக்கம் கறை இருந்தா துணியில நனைச்சு, டிஸ்க்ல படாம ஒத்தி வைங்க. அஞ்சு பத்து நிமிஷம் விட்டு மைக்ரோஃபைபர் துணியால ஒரே பக்கமா இழுத்து துடைங்க, வட்டமா தேய்க்க வேணாம், ஒவ்வொரு தடவையும் துணியோட சுத்தமான பக்கத்த திருப்பிக்கங்க, ஏன்னா கழண்டு வர்ற கண்ணாடி மணி துணியிலதான் இருக்கும். ஒரே தடவையில போகாது, பொறுமையா திரும்ப திரும்ப பண்ணுங்க.

கட்டி கட்டியா இருந்தா அது சூடாக்கி உருக்கி போடுற தெர்மோபிளாஸ்டிக்கா இருக்கும். ஹேர் டிரையரால லேசா சூடு காட்டுங்க (ஸ்பிரே அடிச்ச இடத்துல கூடாது, தீப்பிடிக்கும்), இளகினதும் பிளாஸ்டிக் பிளேட படுக்க வச்சு தள்ளுங்க. இரும்பு பிளேடு கண்ணாடிக்கு மட்டும்தான். இல்லைன்னா ராத்திரி வேஸ்லின் தடிமனா பூசி விட்டுட்டு காலையில துடைங்க, நேரம் ஆகும், ஆனா காருக்கு இதுதான் சாது.

கடைசியில சோப்பு போட்டு எண்ணெய் போக கழுவி, தடவி பார்த்தா சொரசொரன்னு இருக்குற இடத்துல மட்டும் கிளே பார் (ஒட்டின அழுக்க இழுத்து எடுக்குற களிமண் மாதிரி கட்டி) தண்ணி விட்டு ஓட்டுங்க. கிளே கீழ விழுந்துட்டா எடுத்து திரும்ப தேய்க்காதீங்க. இவ்வளவும் பண்ணினா மேல இருந்த வேக்ஸும் போயிருக்கும், மறக்காம புதுசா வேக்ஸ் போட்டுடுங்க. அதுக்கப்புறமும் நிழலா கறை தெரிஞ்சா பாலிஷ் போடுற ஒர்க்‌ஷாப்புக்கு போங்க, முழு காருக்கும் பேக்கேஜ் சொல்வாங்க, அந்த ஒரு பேனலுக்கு மட்டும் விலை கேளுங்க.