பூட் பென்டிரைவ்: என்டர் தட்டும் முன் எந்த டிஸ்க் என்று பாருங்கள்

போன வாரம் சித்தி மகன் தன் லேப்டாப்பில் உபுண்டு (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) போட, அதற்கான பூட் பென்டிரைவ், அதாவது கணினியைத் தொடங்கி நிறுவலை நடத்தும் பென்டிரைவ், செய்ய உட்கார்ந்தான். இணையத்தில் கிடைத்த ஒருவரிக் கட்டளையை அப்படியே ஒட்டிவிட்டு என்டர் தட்டப் போனவனின் கையைப் பிடித்து நிறுத்தினேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே என்டரை நான் தட்டியிருக்கிறேன். இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

தவறான டிஸ்க்கில் எழுதுவது

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் லினக்ஸின் டிடி கட்டளை "நிச்சயமா?" என்று கேட்காது. சொன்ன இடத்தில் எழுதிவிடும். பழைய கணினிகளில் உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு எஸ்டிஏ என்றும் செருகும் பென்டிரைவுக்கு எஸ்டிபி என்றும் பெயர் வரும். அதனால் பல குறிப்புகளில் எஸ்டிபி என்றே எழுதியிருப்பார்கள். எனக்கும் அதுவே கைப்பழக்கம். புது லேப்டாப்பில் இருந்ததோ என்விஎம்இ எஸ்எஸ்டி. அதற்குப் பெயர் வரிசையே வேறு. ஆகவே முதலில் செருகிய பென்டிரைவ் எஸ்டிஏ ஆகிவிட்டது. கோப்புகளை எடுத்து வைக்க அப்புறம் செருகிய 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் எஸ்டிபி ஆனது. நான் எஸ்டிபி என்று அடித்தேன்.

அக்கா கல்யாணப் படங்களும் தாத்தா பேசிய வீடியோக்களும் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தன.

ஐஎஸ்ஓ அளவுக்கு மூன்றரை ஜிபிதானே போயிருக்கும், மிச்சம் இருக்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் விண்டோஸில் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தள்ளித்தான் ஆரம்பிக்கும். ஐஎஸ்ஓ அதன் மேலேயே ஏறிவிட்டது. அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டியதில் படங்கள் நிறைய வந்தன, ஆனால் பெயரும் ஃபோல்டரும் இல்லாமல் ஆயிரக்கணக்கில் குவிந்து வந்தன. தாத்தா வீடியோக்களில் பாதி ஓடவில்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

அந்த ஒரு நிமிட வேலை இதுதான். மற்ற டிஸ்க்குகளை எல்லாம் கழற்றிவிடுங்கள். பென்டிரைவைச் செருகும் முன் லினக்ஸில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டுங்கள், செருகிய பின் மறுபடி ஓட்டுங்கள். புதிதாக வந்த பெயர்தான் உங்களுடையது. அளவையும் பாருங்கள்: 16 ஜிபி பென்டிரைவ் 14 சொச்சம் என்று வரும், 1 டிபி டிஸ்க் 931 என்று வரும். கழற்றிச் செருகினால் பெயர் மாறலாம், ஆகவே திரும்பவும் பாருங்கள். விண்டோஸில் பூட் பென்டிரைவ் செய்யும் ரூஃபஸ் மென்பொருள் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளை இயல்பாகவே மறைத்து வைக்கும். அவற்றையும் காட்டச் சொல்லும் பெட்டியை டிக் செய்யாதீர்கள்.

மீறி நடந்துவிட்டால் அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதக் கூடாது. ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மீட்ட கோப்புகளை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள்.

பார்டிஷனில் எழுதுவது

எண் சேர்ந்த பெயர் டிஸ்க்கின் ஒரு பகுதியை (பார்டிஷன்) மட்டுமே குறிக்கும்; எழுத வேண்டியது முழு டிஸ்க்கில். உங்கள் பென்டிரைவ் எஸ்டிஏ என்றால், எஸ்டிஏ1 அல்ல, எஸ்டிஏ.

செக்சம் பார்க்காமல் விடுவது

இறக்கிய ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ256 (கோப்பு சரியாக இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) தளத்தில் கொடுத்ததோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அரைகுறையாக இறங்கிய ஐஎஸ்ஓ நிறுவலின் நடுவில்தான் காலை வாரும்.

அவசரமாகப் பிடுங்குவது

கட்டளை முடிந்தது போலத் தெரிந்தாலும் கடைசிப் பகுதி இன்னும் நினைவகத்திலேயே காத்திருக்கலாம். அதை எழுதி முடிக்கச் சொல்லும் சிங்க் கட்டளை கொடுத்து, அது முடிந்த பின் கழற்றுங்கள்.

விண்டோஸ் ஐஎஸ்ஓவும் எஃப்ஏடி32வும்

எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவில் உள்ள இன்ஸ்டால் டாட் விம் கோப்பு பல நேரம் அதைத் தாண்டிவிடும். ஐஎஸ்ஓவுக்குள் உள்ள கோப்புகளைக் கையால் காப்பி செய்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ரூஃபஸ் என்டிஎஃப்எஸ்ஸில் எழுதி, யூஇஎஃப்ஐ (புதுக் கணினிகளைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) படிப்பதற்கு ஒரு குட்டிப் பார்டிஷனையும் சேர்த்துவிடும்.

ஜிபிடியா, எம்பிஆரா

இவை டிஸ்க்கைப் பார்டிஷன்களாகப் பிரிக்கும் இரண்டு முறைகள். உங்கள் கணினி யூஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி. பழைய பயாஸ் என்றால் எம்பிஆர்.

பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிவது

வேலை முடிந்து விண்டோஸில் செருகினால் 32 ஜிபி பென்டிரைவ் சில எம்பி என்று மட்டும் காட்டலாம். அது கெடவில்லை. விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் அதைத் தேர்ந்தெடுத்து, அதை அழிக்கும் கிளீன் கட்டளை கொடுத்து, புதுப் பார்டிஷன் போட்டால் முழு அளவும் திரும்பி வரும். ஆனால் டிஸ்க்பார்ட்டிலும் எண்ணைச் சொல்லித்தான் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கிளீனும் உறுதி கேட்காது. டிஸ்க் 0 என்பது பெரும்பாலும் உங்கள் கணினியின் சொந்த டிஸ்க்.