தேவையும் ஆசையும்: குடும்பக் கணக்கு தவறும் இடங்கள்

அரிசி தேவை, பட்டுச்சேலை ஆசை என்று பொருள்களை இரண்டு பட்டியலாகப் பிரித்துவிட்டால் செலவு தானாகக் கட்டுக்குள் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் தவறு இதுதான். குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் வெளிப்படையான ஆடம்பரம் அன்று. யாராலும் மறுக்க முடியாத ஒரு தேவையோடு ஒட்டிக்கொண்டு வரும் கூடுதல் தொகையே. பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு வேலைக்குப் போய்வர வண்டி வேண்டும்தான். ஆனால் 80,000 ரூபாய் வண்டி செய்யும் வேலையையே 1,60,000 ரூபாய் வண்டியும் செய்யுமானால், தேவை முதல் பாதியோடு முடிந்துவிட்டது. மறுபாதி விருப்பம். விருப்பப்படுவதில் குற்றமில்லை, அதைத் தேவையின் பற்றில் எழுதிக்கொள்வதுதான் கேடு. தேவை என்று ஆகிவிட்டால் அதற்குக் கடன் வாங்க மனம் கூசுவதில்லை. ஆகவே 'இது தேவையா?' என்பதோடு நிற்காமல், 'இதில் எவ்வளவு தேவை?' என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாதபடி செய்துவிடுவது 'முறை' என்ற சொல். செட்டிநாட்டில் திருமணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று விசேஷங்களுக்குக் குறைவில்லை. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுத் திருமணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் பித்தளை, எவர்சில்வர், பீங்கான், மரச் சாமான்களை உறவினர் காணப் பரப்பிவைக்கும் வழக்கம் உண்டு. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை: அவை அந்தப் பெண்ணின் உடைமை, புதுக்குடித்தனத்துக்கான கையிருப்பு. ஆனால் அந்த அளவுகள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்றுச் (வட்டித் தொழில் செய்து) சம்பாதித்த காலத்தில் வளர்ந்தவை. 1930களின் உலகப் பெருமந்தம், 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1960களில் பர்மாவின் தேசியமயமாக்கம் என்று வருமானம் படிப்படியாக அற்றுப்போன பின்னும், அளவைக் குறைக்கத் துணியாத வீடுகள் பல. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் எனாமல் தூக்குகளையும் மரச் சாமான்களையும் பார்த்தால், ஆசையாகச் சேர்த்தவற்றில் எவ்வளவு பயன்படாமலேயே கைமாறியது என்பது விளங்கும். முறையை விட வேண்டியதில்லை. சீர் பேசும்போதே இரு வீட்டாரும் மனம்விட்டுப் பேசி எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். இதைப் பெண் வீட்டார் முதலில் சொல்வது கடினம் என்பதால், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களான அப்பச்சியும் ஆச்சியும் முந்திக்கொண்டு சொல்வதே பெருந்தன்மை என்பேன்.

இதே வரலாற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இன்று சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து மகன் அனுப்பும் பணம் பெரும்பாலும் சில ஆண்டு ஒப்பந்தத்துக்கு உரியது. அதை நம்பி ஏற்கும் வீட்டுக்கடனோ இருபது ஆண்டுக்கு உரியது. முடிவுள்ள வருமானத்தின் மேல் நீண்ட கடமையை ஏற்றிவைப்பது பெருந்தவறு. ஊரில் நிலையாக வரும் வருமானத்துக்குள் அன்றாடச் செலவை அடக்கிக்கொண்டு, வெளிநாட்டுப் பணத்தை முதலாகத் தனியே வைப்பதே தக்கது. வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகும் சிறுவனாகச் சேர்ந்து தொழில் பழகியவர்கள் பேரேடு எழுதவும் ஐந்தொகை (சொத்து, கடன் நிலையைக் காட்டும் கணக்கு) எடுக்கவும் கற்றார்கள். முதல் வேறு, வரும்படி வேறு என்பது அவர்களுக்குப் பாலபாடம். அந்த ஒழுங்கு வீட்டுச் செலவுக்கும் வேண்டும். விசேஷத்துக்காக நகையை அடகுவைத்து, வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி மறு அடகு வைப்பது முதலைத் தின்பதுதான்.

கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று எண்ணுவதும் அப்படித்தான். 20,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 700 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126 ரூபாய். பாக்கியில் 5 சதவீதமாக 1,000 ரூபாய் கட்டினால், உண்மையில் கடன் குறைவது 174 ரூபாய் மட்டுமே. மாதத் தவணை சிறியதாக இருக்கிறதே என்று பொருள் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். தள்ளுபடி விளம்பரங்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை: வாங்க நினைக்காத பொருளில் மிச்சம் என்று எதுவும் கிடையாது.

கடைசியாக, சிக்கனம் என்று எண்ணி உண்மையான தேவையையே வெட்டுவது. வெளியே தெரியும் செலவு நிற்பதில்லை. மருந்தும் மருத்துவக் காப்பீடும் வீட்டுப் பழுதும்தான் தள்ளிப்போடப்படுகின்றன. பங்காளிகள் பலருக்குப் பொதுவான பெரிய வீட்டில் இது இன்னும் எளிதாக நடக்கும். எல்லாருக்கும் உரிய கூரை ஓடுகளை யார் மாற்றுவது என்ற பேச்சிலேயே ஆண்டு போய்விடும். ஐப்பசி மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றி, வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) தண்ணீர் போகும் வழியைச் சுத்தம் செய்துவிட்டால் சில ஆயிரத்தில் முடியும் வேலை, தள்ளிப்போனால் உத்திரத்தில் நீர் இறங்கித் தேக்கு மரத்தையே மாற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் இத்தகைய செலவுகளையும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்தையும் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். ஓடு மாற்றும் பணத்தைப் பங்காளிகள் சித்திரையிலேயே பிரித்துக் கொடுத்துவிடுவது நல்லது.