சூப்பர்கேர்ள் படம் வருமுன்ன காமிக்ஸை எங்கன இருந்து ஆரம்பிக்கணும்

2025 ஜூலையில வந்த சூப்பர்மேன் படத்தோட கடைசியில ஒரு பொண்ணு போதையில தள்ளாடிக்கிட்டே வந்து க்ரிப்டோ நாயைக் கூட்டிட்டுப் போவால்லா, அவதான் காரா, சூப்பர்மேனோட சித்தப்பா மவ, சூப்பர்கேர்ள்ங்கிறது அவளைத்தான். அவளுக்குன்னு தனிப்படம் 2026 ஜூன் 26ன்னு தேதி சொல்லியிருக்காவ. மில்லி ஆல்காக் நடிக்கா, க்ரெய்க் கில்லெஸ்பி டைரக்‌ஷன். இங்கன நம்ம நெல்லை பக்கம் காமிக்ஸ் படிக்க ஆசைப்படுத பிள்ளைங்க எல்லாரும் கேக்கது ஒண்ணுதான், அண்ணே படத்துக்கு முன்னால எதைப் படிக்கணும், மொதல்ல இருந்து எல்லாத்தையும் படிக்கணுமா? நெட்ல தேடினா அறுபது வருஷத்துக்கு மேல உள்ள லிஸ்ட்டைத் தூக்கிப் போடுதான், அதைப் பாத்ததுமே பாதிப்பேரு போதும்டா சாமின்னு மூடி வச்சிருதாவ, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, அதனாலதான் இதை எழுதுதேன்.

ஒரே புத்தகம் போதும். பேரு "சூப்பர்கேர்ள்: வுமன் ஆஃப் டுமாரோ". எழுதினது டாம் கிங், படம் வரைஞ்சது பில்கிஸ் எவிலி, கலர் மாத்தேயஸ் லோப்ஸ். 2021ல ஆரம்பிச்சு 2022ல முடிஞ்ச எட்டு இஷ்யூ, அதாவது எட்டு சின்னப் புத்தகமா வந்த மினி சீரிஸ், அம்புட்டுத்தான், முன்னாலயும் ஒண்ணும் படிக்க வேண்டாம் பின்னாலயும் ஒண்ணும் படிக்க வேண்டாம், கதை அதுக்குள்ளயே ஆரம்பிச்சு அதுக்குள்ளயே முடியுது. வரப்போற படமும் இதை வச்சு எடுத்ததுதான், மொதல்ல படத்துக்கும் இந்தப் பேரையே வச்சிருந்தாவ, பொறவுதான் சுருக்கி வெறும் சூப்பர்கேர்ள்னு ஆக்கினாவ.

ஆத்துல குளிக்கணும்னா பாபநாசத்துல இருந்து நடந்து வரணும்னு சட்டமா இருக்கு, குறுக்குத்துறையில எறங்கினாலும் அதே தண்ணிதான. சிவகாசியில 1972ல முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்ச காலத்துல இருந்தே நம்ம பக்கத்து ஆளுங்க அப்படித்தான் படிச்சிருக்காவ, பழைய புத்தகக் கடையில எந்த இஷ்யூ கையில அம்புடுதோ அதுல இருந்து, அட்டை இல்லாம, சில சமயம் கடைசிப் பக்கம் கூட இல்லாம. அந்தத் தைரியம் இங்கிலீஷ் காமிக்ஸ்னு வந்ததும் ஏன் போயிருதுன்னு தெரியல.

ஒரு விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. "சூப்பர்கேர்ள் நம்பர் 1"னு போட்டிருக்கதைப் பாத்து இதுதான் ஆரம்பம்னு வாங்கிராதீங்க. நம்பர் 1ன்னு 1972ல ஒண்ணு வந்திருக்கு, 1996, 2005, 2011, 2016ன்னு வரிசையா வந்திருக்கு, 2025லயும் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்காவ. அதுல 1996ல வந்த பீட்டர் டேவிட் சீரிஸ்ல வாறது காராவே கிடையாது, ஆளே வேற, நல்ல சீரிஸ்தான் ஆனா இந்தப் படத்துக்காகப் படிக்கப் போறவங்களுக்கு தலை சுத்திரும். கதையை அழிச்சு அழிச்சு மறுபடி ஆரம்பிக்கது இந்தக் காமிக்ஸைப் போடுத டிசி கம்பெனிக்கு வழக்கம், அதனால நம்பரைப் பாக்காதீங்க, எழுதினவர் பேரையும் கதையோட பேரையும் பாத்து வாங்குங்க.

படிக்க முன்னால தெரிஞ்சிக்கிட வேண்டியது கொஞ்சம்தான். க்ரிப்டான்ங்கிற கிரகம் வெடிச்சப்போ கைக்குழந்தையா இருந்த சூப்பர்மேனை ராக்கெட்ல ஏத்தி பூமிக்கு அனுப்பிட்டாவ, அவனுக்கு அந்த ஊரு ஞாபகமே கிடையாது. காரா அப்படி இல்ல. கிரகம் வெடிச்சும் ஆர்கோங்கிற அவ ஊரு மட்டும் ஒரு துண்டா பிச்சுக்கிட்டு மிதந்துச்சு, அவ அங்கனதான் வளர்ந்தா, அந்த ஊரு கண்ணு முன்னால கொஞ்சம் கொஞ்சமா சாகதை முழுசாப் பாத்துட்டுத்தான் பூமிக்கு வந்தா. அண்ணனுக்கு இல்லாத ஞாபகம் எல்லாம் தங்கச்சிக்கு இருக்கு. அடுத்தது சூரியன் கணக்கு: மஞ்சள் சூரியன்னா பலம் வரும், சிவப்புச் சூரியன்னா பலம் போயிரும், நம்மள மாதிரி சாதா ஆளு ஆயிருவாங்க, பச்சை சூரியன் வந்தா விஷம். இதைத் தெரிஞ்சிக்கிட்டா மொத இஷ்யூல அவ எதுக்கு சிவப்புச் சூரியன் உள்ள கிரகமாத் தேடிப்போய் குடிக்கான்னு புரியும், அங்கன போனாத்தான் அவளுக்குப் போதையே ஏறும். அன்னைக்கு அவளுக்கு இருபத்தியொண்ணாவது பொறந்த நாளு.

அங்கனதான் ரூத்தியேன்னு ஒரு சின்னப் பொண்ணு வாறா. அவ அப்பாவை க்ரெம்னு ஒருத்தன் கொன்னுட்டான், அவனைக் கொல்ல ஆளு தேடி ஒரு வாளைத் தூக்கிக்கிட்டு அலையுதா. அதுக்கப்புறம் க்ரெம் விட்ட விஷ அம்பு க்ரிப்டோ மேல பாஞ்சிருது, காரா வந்த விண்கப்பலையும் அவன் தூக்கிட்டுப் போயிருதான், ரெண்டு பேரும் அவனைத் துரத்திக்கிட்டு அண்டம் முழுக்கப் போறாங்க. இதுக்கு மேல கதையைச் சொல்ல மாட்டேன்.

படிக்கப் போகும்போது மொதல்ல இடறப் போறது இங்கிலீஷ். கதையைச் சொல்லுதது காரா இல்ல, ரூத்தியே, அதுவும் வயசான பொறவு பழசை நெனச்சு எழுதுத மாதிரி, பழைய காலத்து நடையில நீளநீளமான வாக்கியமா வரும். நாலு பக்கத்துலயே நமக்கு இங்கிலீஷ் வராதுபோலன்னு மூடி வச்சவங்க இருக்காவ, தயவுசெஞ்சு மூடாதீங்க. நான் சொல்லுத வழி இது, ஒரு இஷ்யூவை எடுத்து மொதல்ல எழுத்தே படிக்காம படத்தை மட்டும் மெதுவாப் பாத்துட்டு வாங்க, யாரு எங்க நிக்கா, மூஞ்சி எப்படி இருக்கு, வானம் என்ன கலரு. எவிலி வரையுத கோடு அப்படி, முடியும் துணி மடிப்பும் காத்துல பறக்கதைப் பாத்தாலே பாதிக் கதை புரிஞ்சிரும், ஒவ்வொரு கிரகத்துக்கும் லோப்ஸ் தனித்தனியா கலர் போட்டிருப்பாரு, பக்கத்தைத் திருப்பினதுமே வேற ஊருக்கு வந்துட்டோம்னு தெரியும். அதுக்கப்புறம் மறுபடி மொதப் பக்கத்துக்கு வந்து ரூத்தியே பேசுத பெட்டியை வாய்விட்டுப் படிங்க. மனசுக்குள்ள படிச்சா சிக்குற வாக்கியம் சத்தமாப் படிச்சா தானா பிரிஞ்சு வந்துரும். ரெண்டு இஷ்யூ இப்படிப் படிச்சுட்டா மூணாவதுல அவ குரல் பழகிரும்.

அந்த மூணாவது இஷ்யூவை அவசரப்பட்டு ஓட்டிராதீங்க. ரொம்ப அமைதியா, பாக்க அழகா இருக்க ஒரு ஊருக்கு ரெண்டு பேரும் போறாங்க, எல்லாரும் சிரிச்ச முகமாப் பேசுதாவ, ஆனா எதையோ மறைக்காவன்னு காராவுக்குத் தோணுது. அந்த ஊர்ல ரெண்டு நிறத்து ஆளுங்க இருந்திருக்காவ, இப்போ ஒரு நிறத்து ஆளுங்கதான் இருக்காவ. மிச்சப்பேரு என்ன ஆனாங்கன்னு தெரிய வாற பக்கங்கள்ல சண்டை கிடையாது, குத்து கிடையாது, பேச்சுதான், ஆனா அந்தப் பக்கங்கள் தாண்டி வர எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு. தெரு பிரிச்சு வாழ்ந்த கதையை வீட்டுப் பெரியவங்க வாயால கேட்டு வளந்த நம்ம ஜில்லாக்காரங்களுக்கு அது அந்நியக் கதையாவே தோணாது. சூப்பர் பவர் இருக்க ஒருத்தி, அடிக்க ஆளே இல்லாத ஒரு ஊர்ல என்னத்தைச் செய்வான்னு கேக்க கதை அது, சூப்பர்ஹீரோ காமிக்ஸ்னா சின்னப்பிள்ள சமாச்சாரம்னு சொல்லுத யாரா இருந்தாலும் இந்த ஒரு இஷ்யூவைக் குடுத்துப் பாருங்க.

ஆறாவது இஷ்யூல ஆர்கோ கதை வரும், அதை ராத்திரி தூங்கப் போகும்போது படிக்காதீங்க, தூக்கம் வராது.

இனி எங்கன கிடைக்கும்னு பாப்போம். இது தமிழ்ல வரல, இங்கிலீஷ்லதான் படிக்கணும். எட்டு இஷ்யூவும் சேர்ந்த ஒரே புத்தகமா பேப்பர்பேக்ல வந்திருக்கு, இருநூறு பக்கத்துக்கு மேல இருக்கும், ஆன்லைன்ல ஆர்டர் போடலாம், வெளிநாட்டுல இருந்து வாற ஸ்டாக்ங்கிறதால விலை ஏறி எறங்கும், இன்னைக்குக் கூடவா இருந்தா ரெண்டு வாரம் விட்டுப் பாருங்க. வாங்கும்போது 1ல இருந்து 8 வரைன்னு போட்டிருக்கான்னு பாத்துக்கிடுங்க, ஏன்னா தனித்தனி இஷ்யூவையும் அதே அட்டைப்படத்தோட விக்காங்க, எட்டுல ஒண்ணை மட்டும் வாங்கிட்டு முழுப் புத்தகம்னு நெனச்சு ஏமாறக்கூடாது. நெல்லையில புத்தகத் திருவிழா நடக்கும்போது இங்கிலீஷ் ஸ்டால்கள்ல காமிக்ஸ் அடுக்கைக் கிளறிப் பாருங்க, ஆனா அதை நம்பி மட்டும் இருக்காதீங்க. பாளையங்கோட்டையில மாவட்ட மைய நூலகத்துல உறுப்பினரா இருந்தா, இந்தப் புத்தகம் வேணும்னு அங்க கேட்டு வைங்க, கேட்டாத்தான இப்படி ஒரு புத்தகத்துக்கு ஆளு இருக்குன்னு அவங்களுக்கும் தெரியும்.

கிண்டில்லயும் இருக்கு. போன்ல படிச்சா ஒவ்வொரு கட்டமாப் பெருசாக்கிக் காட்டுத வசதி உண்டு, எழுத்துப் படிக்க அது தோதுதான், ஆனா எவிலி ரெண்டு பக்கத்தையும் சேத்து வரைஞ்ச படங்கள் அதுல துண்டு துண்டாப் போயிரும். டேப் இருந்தா டேப், இல்லன்னா போனைச் சாய்ச்சு முழுப்பக்கத்தையும் ஒருதடவை பாத்துட்டு அப்புறம் கட்டத்துக்குள்ள போங்க. ஜங்ஷன்ல பஸ் ஏறி தென்காசி போய்ச் சேருமுன்ன ரெண்டு இஷ்யூ தாராளமா முடியும், ஒரேயடியா எட்டையும் ஓட்டாம இப்படி ரெண்டு ரெண்டாப் படிக்கது நல்லது, கனமான கதை.

படத்துல மாறப்போற ஒரு விஷயம் முன்னாடியே தெரியும், டிசி காமிக்ஸ்ல காசுக்கு ஆளைப் பிடிச்சுக் குடுக்க வேற்றுக்கிரக முரடன் லோபோவா ஜேசன் மமோவா வாராரு. புத்தகத்துல லோபோ கிடையாது, பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடாதீங்க. க்ரெம் உண்டு, ரூத்தியே உண்டு, படத்துல க்ரெம் வேஷம் மத்தியாஸ் ஷூனார்ட்ஸுக்கு, ரூத்தியே வேஷம் ஈவ் ரிட்லிக்கு. புத்தகத்தைப் படிச்சுட்டுப் போனா எதைச் சேத்திருக்காங்க, எதை விட்டிருக்காங்கன்னு கூடவே பாத்துக்கிட்டு இருக்கலாம், அதுல ஒரு தனி சந்தோஷம். நம்ம ஊரு தியேட்டருக்குப் பெரிய இங்கிலீஷ் படம்லாம் தமிழ் டப்பிங்லதான் அதிகம் வரும், ரூத்தியேவோட அந்தப் பழைய நடையைத் தமிழ்ல எப்படிக் கொண்டு வாறாங்கன்னு கேக்க எனக்கு இப்பவே ஆசையா இருக்கு.

எட்டும் முடிச்சுட்டு இன்னும் வேணும்னு இருந்தா ரெண்டு வழி இருக்கு. அவ எப்படி பூமிக்கு வந்தாங்கிற கதைக்கு 2004ல சூப்பர்மேன்/பேட்மேன் சீரிஸ்ல 8ல இருந்து 13 வரை, ஜெஃப் லோப் எழுத்து, மைக்கேல் டர்னர் படம், சண்டை நெறைய இருக்கும், வேகமாப் போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குன்னா மரிக்கோ டமாக்கி எழுதி ஜோயல் ஜோன்ஸ் வரைஞ்ச "சூப்பர்கேர்ள்: பீயிங் சூப்பர்", நாலே இஷ்யூ, ஒரு சின்ன ஊர்ல ஸ்கூல் படிக்க பொண்ணா காரா வருவா, ஃப்ரெண்ட்ஷிப் கதை, இங்கிலீஷும் சுலபம். 1959ல ஆக்‌ஷன் காமிக்ஸ் 252ல அவ மொதமொதல்ல வந்த கதையையும், 1985ல "க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்"ங்கிற டிசி சீரிஸ்ல ஏழாவது இஷ்யூல அவ சாகுத கதையையும் பொறவு ஆசை வரும்போது பாத்துக்கிடலாம், படத்துக்கு அது தேவையில்ல.

வீட்டுல சின்னப்பிள்ளைங்க இருந்தா ஒண்ணு சொல்லிருதேன், வுமன் ஆஃப் டுமாரோ அட்டையில பொண்ணு, நாய், நட்சத்திரம்னு பாக்க அழகா இருக்கேன்னு நாலாங்கிளாஸ் பிள்ள கையில குடுத்துராதீங்க, குடி இருக்கு, ரத்தம் இருக்கு, கூட்டங்கூட்டமா ஆளுங்களைக் கொன்னு போட்டது இருக்கு. ஒம்பதாவது பத்தாவது படிக்க பிள்ளைங்கன்னா குடுக்கலாம், கூட உக்காந்து படிச்சா இன்னும் நல்லது, மூணாவது இஷ்யூ முடிஞ்சதும் அவங்க கண்டிப்பா ஏதாவது கேப்பாங்க.