பைக்குக்கு புது ஹேண்டில்பார் மாத்துறது எப்படி

வாங்குறதுக்கு முன்னாடி பழைய பாரோட சைஸ அளந்துக்கோங்க, நம்ம ஊர் பைக் நிறையதுல கிரிப் போடுற இடம் 22 மில்லிமீட்டர் இருக்கும், ஆனா நடுவுல கிளாம்ப் பிடிக்கிற இடம் தடிமனா இருக்கலாம் அதையும் தனியா பாருங்க. டேங்க் மேல கெட்டியான துணி போட்டு மூடிருங்க, பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் போயிரும். மாஸ்டர் சிலிண்டர (பிரேக் லீவர்கிட்ட இருக்குற பிரேக் ஆயில் டப்பா) கழட்டினா மூடி மேல பாத்த மாதிரியே வைங்க, ஹோஸ்ல தொங்க விடாதீங்க, காத்து ஏறிடும்.

ஸ்விட்ச் பாக்ஸ்க்குள்ள சின்ன பின் இருக்கும், புது பார்ல அதுக்கு ஓட்டை இல்லன்னா அளந்து துளை போடணும், பின்ன வெட்டி விடுறத மட்டும் செய்யவே செய்யாதீங்க, ஓட்டும்போது ஆக்சிலேட்டர் பக்கத்து ஸ்விட்ச் பாக்ஸே பார்ல சுத்திரும்.

கிளாம்ப் போல்ட்ட மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா, மேனுவல்ல இருக்குற டார்க்குக்கு (எவ்வளவு இறுக்கணும்ங்கற அளவு) டைட் பண்ணுங்க. முக்கியமானது இதான்: வண்டிய நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி ஹேண்டில இந்த கடைசிலருந்து அந்த கடைசி வரைக்கும் திருப்புங்க, ஆர்பிஎம் (இன்ஜின் வேகம்) ஏறுனா ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்குதுன்னு அர்த்தம், உயரமான பார் போட்டு பழைய கேபிளும் பிரேக் ஹோஸும் எட்டலன்னா நீளமானது வாங்கியே ஆகணும். டேங்க்ல இடிக்குதான்னும் பாத்துக்கோங்க.