16 கோடி என்று எழுதுவதற்கு முன்

போன கிழமை திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற ஓட்டோ ஒன்றின் பின்கண்ணாடியில் ஒரு நோட்டீஸ். குழந்தையின் படம், கீழே சிவப்பில் 16 கோடி. அதிலிருந்த போன் இலக்கத்துக்கு எடுத்தேன். மூதூரிலிருந்து ஒரு தம்பி கதைத்தார்.

“ரிப்போர்ட் வந்துவிட்டதா தம்பி?”

“இன்னும் இல்லை அக்கா. ஆனால் எஸ்எம்ஏதான் என்று சொல்கிறார்கள்.”

வயிற்றைப் பிசைந்தது. எஸ்எம்ஏ என்பது பிள்ளையின் தசைகளை வலுவிழக்கச் செய்யும் பரம்பரை நோய், அதற்கான ஊசியின் விலைதான் அந்த 16 கோடி. நாங்களும் இதே வசனத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள்தான். காசு சேர்க்கத் தேவையான கூட்டுக் கணக்கு, ரசீது, கிராம சேவகர் கடிதம் பற்றியெல்லாம் ஊரில் எல்லோரும் சொல்லுவார்கள், நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் விட்ட பிழைகளை மட்டும் ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ரிப்போர்ட் வரும் முன்பே மருந்தின் விலையை அறிவிப்பது

மகனுக்கு அப்போது ஒன்றேகால் வயது. உட்கார வைத்தால் துணிமூட்டை மாதிரிச் சரிவான். கிளினிக்கில் டொக்டர், “எஸ்எம்ஏ ஆகவும் இருக்கலாம், பார்ப்போம்” என்று சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அந்த “இருக்கலாம்” வீடு வந்து சேருவதற்குள் “இருக்கிறது” ஆகிவிட்டது. 2021ஆம் ஆண்டு அது. இந்தியாவில் அந்த நோய்க்கு 16 கோடி ரூபாய் ஊசிக்காகக் காசு சேர்த்த செய்திகள் எல்லாப் போனிலும் ஓடிக்கொண்டிருந்தன. என் தம்பி அப்படியொரு படத்தை எடுத்து, அதிலிருந்த முகத்துக்கு மேல் எங்கள் பிள்ளையின் முகத்தை ஒட்டினான். அது இந்திய ரூபாய் என்பதைக்கூட ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் ரூபாயில் அப்போதே 40 கோடிக்கு மேல். தொகையே பிழையான நோட்டீஸ், அதைத்தான் ஊர் முழுக்க ஒட்டினோம்.

சனம் கொடுத்தது, அதை மறக்க மாட்டேன். பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா அன்றைய வருமானத்தை அப்படியே தந்தார். கிண்ணியாவில் ஜும்ஆ முடிந்ததும் துண்டு விரித்துச் சேர்த்துத் தந்தார்கள். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் 23 லட்சம்.

நான்காவது மாதம் ரிப்போர்ட் வந்தது. எஸ்எம்ஏ இல்லை.

அந்த நோயில் எஸ்எம்என்1 என்ற மரபணு பழுதாகியிருக்கும். சோல்ஜென்ஸ்மா என்ற அந்த 16 கோடி ஊசி செய்வது ஒரே வேலை: தீங்கற்ற வைரஸ் ஒன்றின் கூட்டுக்குள் அந்த மரபணுவின் நல்ல பிரதியை வைத்து உடம்புக்குள் அனுப்புவது. மகனுக்கு அந்த மரபணுவில் பழுதே இல்லை. அவனுடைய பிழை லாமா2 என்ற வேறொன்றில், பிறப்பிலிருந்தே தசையைப் பலவீனமாக்கும் நோய், அதைத் திருத்த இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. எரிச்சல் என்னவென்றால், நோட்டீஸ் ஒட்டிய நாளிலேயே சிபிகே ரிப்போர்ட் எங்கள் பைலுக்குள் இருந்தது. தசை சிதையும்போது இரத்தத்தில் கூடுகிற நொதியம் அது. எஸ்எம்ஏ பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சாதாரணமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருக்கும், மகனுக்கோ மலை மாதிரி ஏறியிருந்தது. டொக்டரிடம் காட்டாமல் பனர் அடிக்க ஓடினோம்.

அப்புறம் தொடங்கியது கேள்வி. “ஊசி எப்போது?” ஊசி இல்லை என்றால், “அப்போ காசு எங்கே?” வங்கியில் போட்டவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினோம், கேட்டவர்களுக்குத் திருப்பினோம். ஜும்ஆத் துண்டில் விழுந்த காசை யாரிடம் திருப்புவது? பள்ளிவாசல் நிருவாகத்திடம் போய் நின்றோம், பிள்ளைக்கே செலவழியுங்கள் என்றார்கள். எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு உறவுக்காரர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்.

ஆகவே முதல் நோட்டீஸில் பரிசோதனைச் செலவு, கொழும்புப் பயணம், பிசியோதெரபி, இவ்வளவுதான். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983இலேயே மனித மரபியல் பிரிவு தொடங்கிவிட்டார்கள். எந்தப் பரிசோதனை, எங்கே, என்ன விலை என்று டொக்டரிடம் கேட்டு அந்தத் தொகையை எழுதுங்கள். மிஞ்சினால் எதற்குப் போகும் என்றும் ஒரு வரி போடுங்கள்.

சரி, எஸ்எம்ஏ என்றே உறுதியாகிவிட்டது என்று வையுங்கள். அப்போதும் அந்த ஊசிதான் என்று முடிவெடுக்காதீர்கள். அமெரிக்கா 2019இல் அதை அங்கீகரித்தது இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு; அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் பிள்ளையின் இரத்தத்தில் இருக்கிறதா என்றும் முதலில் பார்ப்பார்கள். முள்ளந்தண்டில் ஏற்றும் நுசினெர்சன், வாயால் குடிக்கும் ரிஸ்டிப்லாம் என்று வேறு மருந்துகளும் உண்டு. அவை தொடர்ந்து கொடுக்க வேண்டியவை, கணக்கே வேறு மாதிரி வரும்.

“உங்கள் பக்கத்தில் யாருக்கும் இருந்ததா?” என்று மாமி கேட்டார்.

எங்கள் பிள்ளைக்குத் தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. மாமிக்கு ஒருமுறை சொன்னேன், போதும்.

தமிழில் மட்டும் எழுதுவது

திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் செய்தோம் என்பது வெட்கம். கந்தளாயில் இறங்கினால் பாதிப்பேருக்கு நோட்டீஸ் விளங்கவில்லை. சிங்களத்தில் ஒரு பக்கக் கடிதம் பைலுக்குள் எப்போதும் இருக்கட்டும்: நோயின் பெயர், என்ன செய்தாயிற்று, என்ன தேவை. கொழும்புக் கந்தோர்களில் நாம் திக்கித் திணறிச் சொல்வதைவிட அந்தத் தாள் நன்றாகக் கதைக்கும். வைத்தியச் செலவுக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் இதே பைல்தான் வேண்டும்.

சேர்ந்த காசைத் தொடாமல் வைத்திருப்பது

மருந்துக்கென்று பூட்டி வைத்துவிட்டு, அந்த மூன்று மாதமும் பிசியோவுக்குப் போக ஓட்டோக் காசு இல்லை என்று வீட்டிலிருந்தோம். அதற்குள் மகனின் முழங்கால் மூட்டு மடங்கி இறுகத் தொடங்கியது. அது இன்னும் முழுதாக நிமிரவில்லை.

பிள்ளை அழும் படம்

போடாதீர்கள். நாளைக்கு அவனே பார்ப்பான்.

திகதி போடாமல் விடுவது

எங்கள் நோட்டீஸில் திகதி இல்லை. மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், சக்கர நாற்காலியில். போன மாதம் யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் எனக்கே அந்தப் படத்தை அனுப்பியிருந்தார்: “இந்தக் குழந்தைக்கு இரண்டு வயதுக்குள் ஊசி போட வேண்டும், தயவுசெய்து பகிருங்கள்.”