அப்பாவின் பித்தக் குழாய்: வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

பித்தநாளம் அடைத்து மஞ்சள் காமாலை ஏறியதும், அப்பாவுக்கு விலா இடுக்கு வழியாக ஈரலுக்குள் குழாய் விட்டு, பித்தம் வெளியே வடிந்து சேர ஒரு பையை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்த்துக்கொண்டது நான்தான்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். குழாய் தோலைத் தொடும் இடத்தில் பேனாவால் குழாயின் மேல் கோடு போடுங்கள். கோடு வெளியே நகர்ந்தால் குழாய் நழுவுகிறது. நீங்களாக உள்ளே தள்ளாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

தினமும் எத்தனை மில்லி, என்ன நிறம் என்று நோட்டில் எழுதுங்கள். எங்களுக்கு 400 வந்தது ஒரு நாள் 50 ஆனது. குழாயைச் சுற்றியிருந்த கட்டும் நனைந்தது. அடைப்பு. இரவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். விடியட்டும் என்று காத்திருந்தோம், அது தவறு. நடுக்கம் வந்தால் கிருமி ரத்தத்தில் பரவத் தொடங்கியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பையில் ரத்தம் வந்தாலும் அப்படித்தான்.

குழாய்க்குள் சலைன் (உப்புநீர்) செலுத்த டாக்டர் சொல்லியிருந்தால், சொன்ன அளவை மெதுவாக விடுங்கள். திரும்ப உறிஞ்சி இழுக்காதீர்கள். வலித்தால் நிறுத்துங்கள்.

அப்புறம், எங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று. பித்தத்தோடு உடம்பின் உப்பும் நீரும் போகும். 1 லிட்டர் வந்த நாளில் அப்பா எழுந்ததும் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ஓஆர்எஸ் எவ்வளவு கொடுக்கலாம் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.