பத்து கிராம் பிஸ்கட்டும் உரைகல் ஏமாறும் இடமும்

காவிரி டெல்டாவில் தங்கம் பார்க்கத் தெரியாத வீடு குறைவு. அறுவடைக் காசு கைக்கு வந்தால் ஒரு பவுனாவது எடுப்பது, அடுத்த நடவுக்கு அதையே சொசைட்டியில் வைத்துப் பணம் வாங்குவது என்று நகை பெட்டிக்கும் லாக்கருக்கும் நடந்துகொண்டே இருக்கும். அதனால் மாற்று (தங்கத்தின் தூய்மை), சேதாரம், பற்றவைத்த இடத்தில் பொடி எவ்வளவு என்பதெல்லாம் பெண்களுக்கு அத்துப்படி. இந்த நகை அனுபவத்தை அப்படியே ஒரு தங்க பிஸ்கட்டிடம், அதாவது தங்கக் கட்டியிடம், கொண்டுபோகும்போதுதான் தவறு தொடங்குகிறது.

நகையில் ஏமாற்றுகிறவர் செம்பைக் கூட்டிக் கலப்பார். 22 கேரட் என்று சொல்லி 18 கொடுப்பார். அந்தக் கலப்பு நகை முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்பதால் எந்த ஓரத்தில் உரைத்தாலும் தெரிந்துவிடும். கட்டியில் ஏமாற்றுகிறவர் மேலே கைவைப்பதில்லை. மேலே நல்ல 24 கேரட் தங்கத்தைத்தான் பூசுவார், திருட்டு உள்ளே இருக்கும். நகையிடம் கேட்க வேண்டியது "எத்தனை மாற்று?" என்ற கேள்வி. கட்டியிடம் கேட்க வேண்டியது "உள்ளே என்ன?" என்பது. முதல் கேள்விக்கான சோதனையைச் செய்துவிட்டு இரண்டாவதற்குப் பதில் கிடைத்ததாக நினைப்பதுதான் இதில் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

கல்லும் மெஷினும்

பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் தேய்த்து, அமிலத்தைத் தொட்டு, "சொக்கத் தங்கம்தான்" என்று அவர் சொன்னால் நிம்மதியாகிவிடுகிறோம். அவர் சொன்னது பொய்யில்லை. கல்லில் ஒட்டிய அந்தக் கோடு சொக்கத் தங்கம்தான். ஆனால் அதை வைத்துக் கட்டியையே தங்கம் என்பது, ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தை உள்பக்கம் சுரண்டிப் பார்த்து ஈயப் பாத்திரம் என்று சொல்வது போல.

டச் பார்க்கும் (தூய்மையைச் சோதிக்கும்) கடையில் உள்ள எக்ஸ்-ரே மெஷின் மீது இன்னும் நம்பிக்கை அதிகம். 99.9 என்று சீட்டே அச்சடித்துத் தருகிறதே! அந்த மெஷினும் தங்கத்துக்குள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழத்துக்குத்தான் பார்க்கும். நகைக்கு அது போதும். தடிமனாகத் தங்கம் பூசிய கட்டிக்குப் போதாது. அந்தச் சீட்டைக் காட்டி யாராவது கட்டி விற்றால், அது மேல்தோலுக்குக் கொடுத்த சான்று என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் நிறுப்பது

உள்ளே என்ன என்று வீட்டிலேயே கேட்க ஒரு வழி உண்டு, செலவும் அதிகமில்லை. தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். செம்பு 9-க்குக் கொஞ்சம் குறைவு, வெள்ளி 10.5, ஈயம் 11.3, பித்தளை 8.5-ஐ ஒட்டி. அசல் 10 கிராம் கட்டி 0.52 கன சென்டிமீட்டர் இடத்தைத்தான் அடைக்கும். அதே எடைக்குப் பித்தளையில் செய்தால் உருவம் இரண்டு மடங்குக்கும் மேல் பெருத்துவிடும். உருவத்தைச் சரியாக வைத்தால் எடை நாலரை கிராமோடு நின்றுவிடும். முலாம் பூசிய மலிவுப் போலிகள் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கிலேயே விழுந்துவிடும்.

செய்முறை இதுதான். 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசில் தண்ணீர் உள்ள டம்ளரை வைத்து, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கட்டியை மெல்லிய நூலில் கட்டி முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசில் ஏறும் எண்தான் கட்டி விலக்கிய தண்ணீரின் எடை. காற்றில் நிறுத்த எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 50 கிராம் கட்டி என்றால் 2.59 வர வேண்டும். 22 கேரட் தங்கத்தில் வார்த்துவிட்டு 24 என்று சொல்லியிருந்தால் 2.8-ஐ ஒட்டி வரும்.

இங்கேதான் கை தவறும். கட்டி டம்ளரின் அடியைத் தொட்டால் அதன் எடையும் தராசில் சேர்ந்துவிடும், கணக்குக் குட்டிச்சுவர். எழுத்துப் பொறித்த பள்ளத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் நல்ல தங்கமே போலி மாதிரி காட்டும். ஒரு கிராம், இரண்டு கிராம் கட்டிக்கு 0.01 தராசு பயன்படாது. ஒரு கிராம் தங்கம் விலக்குவது 0.05 கிராம் தண்ணீர்தான், அதில் ஒரு இலக்கம் தள்ளினாலே விடை தலைகீழாகும். அதற்கு நகைக்கடையின் மில்லிகிராம் தராசு வேண்டும்.

தண்ணீரையும் ஏமாற்றும் உலோகம் ஒன்று இருக்கிறது: டங்ஸ்டன். அதன் அடர்த்தியும் 19.3-ஐ ஒட்டியே இருப்பதால் எடை, அளவு, தண்ணீர் எல்லாம் ஒத்துப்போகும். 2012-இல் நியூயார்க்கில் நகை வியாபாரிகளிடம், சுவிஸ் முத்திரையுள்ள 10 அவுன்ஸ் கட்டிகளுக்குள் டங்ஸ்டன் இருந்தது தெரியவந்தது. ஆனால் ஐந்து, பத்து கிராம் கட்டியில் இந்தப் பயம் பெரிதாக வேண்டாம் என்பது என் கணிப்பு. டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அதை மெல்லிய தகடாக்கித் தங்கத்துக்குள் பொதிக்கிற உழைப்புக்குச் சின்னக் கட்டியில் லாபம் போதாது. 100 கிராம், பத்துத் தோலா என்று போனால் கவலைப்படலாம். தங்கத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 3,240 மீட்டர் வேகத்தில் போகிறது, டங்ஸ்டனில் 5,000 மீட்டருக்கும் மேல். அதனால் அல்ட்ராசவுண்ட் கருவி பிடித்துவிடும். மின்கடத்தும் திறனில் டங்ஸ்டன் தங்கத்தில் பாதிகூட இல்லை. அதை அளக்கும் கருவியும் உண்டு, சில வகைகள் பிளாஸ்டிக் உறைக்கு மேலிருந்தே அளக்கும். எல்லா ஊர்க் கடையிலும் இவை இருக்காது. கடைசி வழி உருக்குவது. தங்கம் 1,064 டிகிரியில் ஓடிவிடும், டங்ஸ்டன் உருக்கும் குகையில் (மூசையில்) அப்படியே கிடக்கும். செம்பு இருந்தால் தங்கத்தோடு கலந்துவிடும், அப்புறம் டச் பார்த்தால் தெரிந்துவிடும்.

காந்தம், கடித்துப் பார்ப்பது, ஐஸ் வைப்பது, வினிகர் ஊற்றுவது: இவற்றில் நேரத்தை வீணாக்க வேண்டாம். காந்தம் இரும்பு, நிக்கல் போன்றவற்றை மட்டுமே காட்டிக்கொடுக்கும், செம்பும் பித்தளையும் ஈயமும் அதில் ஒட்டாது. கடித்தால் தங்கத்தைவிட ஈயத்தில் பல் நன்றாகப் பதியும்.

உறையைப் பிரிப்பதும் எண்ணை நம்புவதும்

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வெளிநாட்டுச் சம்பாத்தியம் உள்ள வீடுகளில் கார்டுக்குள் ஒட்டிய சின்னக் கட்டிகளைப் பார்க்கலாம். சந்தேகம் வந்ததும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். உறை கலையாத கட்டியை வாங்குகிறவர் பில்லையும் முத்திரையையும் பார்த்து விலை பேசுவார், பிரித்ததை வெறும் தங்கமாகத்தான் எடுப்பார். முதலில் உறையோடு நிறுத்து, அதே நிறுவனத்தின் அதே அளவு கட்டியோடு ஒப்பிடுங்கள். எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, கார்டில் உள்ள வரிசை எண்ணும் கட்டியில் உள்ளதும் ஒன்றா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

எண் ஒத்துப்போனதுமே பணத்தை எண்ணவும் கூடாது. ஒரு நல்ல கட்டியின் எண்ணை நூறு போலியில் பொறிக்கலாம், கார்டையும் அச்சடிக்கலாம். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. தங்கம் அசல், முத்திரை மட்டும் போலி என்ற நிலையில் சுவிஸ் சுத்திகரிப்பு ஆலைகளின் பெயர் பொறித்த கிலோக் கட்டிகள் உலகச் சந்தையில் புழங்கியதை 2019-இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது.

எடை அலகிலும் ஒரு பொறி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பொன்னை "ஆடவல்லான்" என்ற கல்லால் நிறுத்ததாகக் குறித்திருப்பார்கள். எந்தக் கல் என்பது அன்றைக்கே முக்கியம். இன்று தங்கத்தின் அவுன்ஸ் 31.1 கிராம், மளிகைச் சாமானின் அவுன்ஸ் 28.35. "ஒரு அவுன்ஸ்" என்று பொறித்த கட்டி 28.35 காட்டினால், செய்தவருக்குத் தங்கத்தின் கணக்கே தெரியாது என்று பொருள். தோலா என்றால் 11.66 கிராம்.

ஹால்மார்க், பேங்க்

"HUID (ஹால்மார்க் நகையில் பொறிக்கும் அடையாளக் குறி) இல்லை, அதனால் போலி" என்பவரும் தவறு செய்கிறார், "ஹால்மார்க் கட்டாயமாச்சே, போலி எப்படி வரும்" என்பவரும் தவறு செய்கிறார். 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமானது நகைகளுக்கும் கலைப்பொருட்களுக்கும். கட்டி, தகடு, கம்பி, காசு ஆகியவை அந்த உத்தரவில் விலக்கு பெற்றவை. பி.ஐ.எஸ். கேர் செயலியில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க HUID-ஐத் தட்டிப் பார்க்கும் பழக்கம் நகைக்கு நல்லது, கட்டியின் வரிசை எண்ணை அதில் தட்டிப் பயனில்லை.

"பேங்க்ல வைக்கும்போது அப்ரைசர் பாத்துடுவார்ல அக்கா" என்று வாங்கிவிடுவது இன்னொன்று. தங்கக் கட்டியின் மேல் வங்கிகள் கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 2025-இல் வந்த புதிய விதிகளிலும் அது தொடர்கிறது. நகையும் காசும்தான் அடகுக்கு எடுபடும், காசிலும் மொத்தம் 50 கிராம் வரைதான். நடவு நேரத்துக்கு உதவும் என்று கட்டி வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

சோதித்தது ஒன்று, வாங்கியது ஒன்று

இதில்தான் பணம் கூண்டோடு போகிறது. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது, ஆற்று மணலில் கிடைத்தது என்று ஒருவர் வருவார். ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து, "நீங்களே எங்க வேணா காட்டிட்டு வாங்கண்ணே" என்பார். அந்தத் துண்டு அசல் தங்கம். எந்தப் பத்தரும் எந்த மெஷினும் அதை அசல் என்றே சொல்லும். பிறகு இருட்டிய நேரத்தில், அவசரத்தில், வேறொரு பொட்டலம் கைமாறும். நீங்கள் செய்த சோதனையில் பிழையே இல்லை, சோதித்த பொருள்தான் வேறு. ஆகவே துண்டைச் சோதிக்கச் சம்மதிக்காதீர்கள். முழுக் கட்டியும் கடையின் மேசையில் இருக்க, உங்கள் கண்ணுக்கு எதிரே சோதித்து, கண்ணை எடுக்காமல் அங்கேயே பணத்தைக் கொடுங்கள். புதையல் என்று அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அது அவர் விற்கக்கூடிய பொருள் இல்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

துபாயிலிருந்து கொண்டுவந்தது என்றால் சுங்க வரி கட்டிய ரசீதைக் கேளுங்கள். பயணிகளுக்கு உள்ள வரிவிலக்கு நகைக்கு மட்டும்தான், கட்டிக்குக் கிடையாது. உள்ளூரில் வாங்கினால் எடை, தூய்மை, வரிசை எண் மூன்றும் எழுதி, 3 சதவீத ஜி.எஸ்.டி.யோடு போட்ட பில் வேண்டும். "பில் போடாம எடுத்தா அந்த மூணு பர்சன்ட் மிச்சம்" என்று கடைக்காரர் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். நாளை கட்டியில் குறை தெரிந்தால், அந்தக் கடையில்தான் வாங்கினீர்கள் என்று காட்ட உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.